அந்தப் பிளக்கை முதல்ல கழற்று

கொட்டாஞ்சேனை
ஞாயிறு இரவு

அன்பு மச்சான் குகன்,

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. மூக்கன் கனடாவில இருந்து வந்திட்டுப் போனவன். அந்த வாழைக்குலைக் கதையை இன்னும் விடேல்லை. மிச்சம் நேரில.

உன்ர கப்பில, அதுதான் அந்தப் பிக்கப்பில, ஏத்திற படுக்கைக் கேபின்ர படங்கள் கிடைச்சுது. வெல்டிங் அந்தமாதிரி! கட்டிலுக்குக் கீழ லாச்சி வைக்கச் சொன்னது சுதாவாத்தான் இருக்கும், உனக்கு அவ்வளவு மூளை ஓடாது. ஆனா கடைசிப் படத்தைப் பார்த்தாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. கப் பற்றரியில இருந்து கேபினுக்குச் சார்ஜ் போற வயரில வீட்டு மூண்டு பின் பிளக்கா போட்டனி?

கேபினை இறக்கி முற்றத்தில வைச்சிருக்கேக்க ஆரும் அதைக் கண்டா எங்க செருகுவினம்? சுவரிலதான். 230 வோல்ற் நேரா, கப் பற்றரியால கேபின் பற்றரியை ஏத்திற உன்ர சார்ஜருக்குள்ள போகும். போகாட்டிலும் அந்தப் பிளக் தாங்கிறது 13 அம்பியர். உன்ர 30 அம்பியர் டீசி-டீசி சார்ஜர் முழுசா ஓடேக்க கப் பக்கத்தில இருந்து 40 வரைக்கும் இழுக்கும்.

உனக்கு வேணும் எண்டது அன்டர்சன் எஸ்பி50 (SB50) எண்ட பற்றரிக் கனெக்ரர். ரண்டு பாதியும் ஒரே வடிவம், ஆண் பெண் இல்லை, மாறிக் குத்த ஏலாது. வேற நிறத்தோட சேராது. மஞ்சள் 12 வோல்ற்றுக்கு, சிவப்பு 24க்கு. நேற்று பஞ்சிகாவத்தையில தேடினன். ஒரு கடையில குடுத்ததின்ர பின்னைக் கையில எடுத்துக் காந்தத்தை வைச்சன், டக்கெண்டு ஒட்டிச்சு. இரும்பு! உள்ள இருக்க வேண்டியது வெள்ளி பூசின செம்பு. அடுத்த கடையில நல்லது கிடைச்சுது.

வயரும் பிழை. நீ போட்ட 6 சதுர மில்லிமீற்றரில போக 5 மீற்றர், வர 5 மீற்றர், 40 அம்பியர் ஓடினா ஒண்டேகால் வோல்ற் வழியிலயே போயிடும். 6 கேஜ் (AWG, கிட்டத்தட்ட 13 சதுர மில்லிமீற்றர்) போட்டா அரை வோல்ற்றோட நிக்கும். வீட்டு வயர் வேண்டாம், தடிச்ச கம்பி குலுக்கத்தில முறியும். மெல்லிய இழை நிறைஞ்சது எடு. முனையை ஈயம் வைச்சு ஒட்டாதை, கிரிம்ப் பண்ணி (நசிச்சு இறுக்கி) இழுத்துப் பார்.

இனிச் சொல்லுறதைக் கவனமாக் கேள். பியூஸ் ஒண்டு காணாது. கப் பற்றரியில இருந்து ஒரு சாணுக்குள்ள 50 அம்பியர். கேபின் பற்றரிக்குப் பக்கத்திலயும் ஒண்டு, 40. நடுவில சார்ஜர் இருக்குத்தானே எண்டு சொல்லாதை. சார்ஜருக்கும் கேபின் பற்றரிக்கும் இடையில வயர் உரஞ்சி உறை கிழிஞ்சா அந்தத் துண்டுக்குக் கரண்ட் குடுக்கிறது கேபின் பற்றரி. கப்பில இருக்கிற பியூஸ் அதைத் தடுக்காது. வயர் சிவந்து பத்தும், அதுக்கு மேலதான்டா பிள்ளையள் படுக்கப் போகுதுகள்.

வீட்டு ஏசி பிரேக்கரை பியூசுக்குப் பதிலா மாட்டலாமோ எண்டும் கேட்டிருந்தாய். வேண்டாம். ஏசி கரண்ட் செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்துக்கு வந்து போறதால பிரேக்கர் விடேக்க வாற பொறி தானா அணையும். டீசியில அது லேசில அணையாது, பிரேக்கருக்குள்ளயே எரியலாம்.

கனெக்ரர் ரண்டு சோடி, போல்ற் போட்டு இறுக்கிற பியூஸ், ஹோல்டர், ரப்பர் மூடி எல்லாம் வெள்ளி இரவு வெள்ளவத்தையில இருந்து வாற பஸ்ஸில போட்டு விடுறன். கப் பற்றரியில இருந்து பின் கதவு வரைக்கும் வயர் போற வழியை நாடாவால அளந்து நாளைக்கே சொல்லு, கேபிளையும் வெட்டி அனுப்புறன். அதுவரைக்கும் அந்தப் பிளக்கைக் கழற்றி வை.

உன்ர,
சிவா