அப்பா கையெழுத்தை எங்களிடம் கேட்காதீர்கள்

சான்றிதழ் வழங்கும் வருவாய்த் துறை அலுவலர்களுக்கும், குழந்தைகள் நலத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாதுகாப்பில்லாத பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில், பள்ளி வயதில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டவன் நான். வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, அப்பாவும் நன்றாகத்தான் இருந்தார். அவர் அடித்த அடி தாங்காமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். இடது காது இன்றும் சரியாகக் கேட்காது. இப்போது கோவையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. எனும் கணினிவழி இயந்திரம் ஓட்டுகிறேன். பரிதாபப்படுவதற்காகச் சொல்லவில்லை. எழுதுகிறவன் யார் என்று தெரியட்டும்.

நான் வளர்ந்த அதே இல்லத்திலிருந்து 18 வயது முடிந்து வெளியே வந்த தம்பி ஒருவன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். நலக் குழு உத்தரவின் நகலையும் இல்லம் கொடுத்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனான். "அப்பா உயிரோடதானே இருக்கார்? அவர் ஆதார், ரேஷன் கார்டு, கையெழுத்து எல்லாம் வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் வாங்க முடியாது என்பதை, வரிசையில் நின்றவர்கள் காதுபட அவன் விளக்கியிருக்கிறான். சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டச் சொல்லாதது ஒன்றுதான் குறை.

வேறு வழியில்லாமல் ஊருக்குப் போனான். கையெழுத்துக்கு அவன் அப்பா இரண்டாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். கொடுத்தான். பணம் போனால் போகட்டும். கையெழுத்துக்காக நீட்டிய உதவித்தொகைப் படிவத்தில் கல்லூரியின் பெயர் இருந்தது. அடுத்த வாரமே அந்த மனிதர் குடித்துவிட்டு விடுதி வாசலில் வந்து நின்றார். இத்தனை வருடம் அவர் கண்ணில் படாமல் இல்லம் காப்பாற்றிய பிள்ளையின் முகவரியை ஒரு படிவம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. இப்போது அவன் சாயங்காலமானால் விடுதியை விட்டு வெளியே வருவதில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. கூட இருப்பவராலேயே அடிபட்ட, துன்புறுத்தப்பட்ட பிள்ளையையும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றுதான் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அடித்தவர் பெற்ற தகப்பனா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வெளியே வந்த பிறகும் 21 வயதுவரை, அவசியமானால் 23 வரை பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்தவர்களுக்கான உதவி, உண்டு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கென மாதம் 4,000 ரூபாய் வைத்திருக்கிறார்கள். ஒரு துறை பிள்ளையை அந்த வீட்டிலிருந்து மீட்டு, செலவும் செய்கிறது. இன்னொரு துறை அவனை பஸ் ஏற்றி அதே வீட்டுக்கு அனுப்புகிறது.

பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து இல்லங்களில் படிக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா உயிரோடு இருந்து அடித்தால் நாங்கள் எந்தப் பட்டியல்? சாதிச் சான்றா, அப்பா. வருமானச் சான்றா, அப்பா. அவர் இறந்திருந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும் என்று சொல்ல வைக்கிறீர்கள்.

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? காவல் நிலையத்துக்குப் போனால் "பெத்தவர் அடிக்காம வேற யாருப்பா அடிப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிய நாடு இது. பள்ளி ஆண்டு விழாவில் கண்டிப்பான அப்பாக்களைப் புகழ்ந்து பேச மேடைக்கு மேடை ஆள் இருக்கிறது. வீங்கிய கன்னத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தவனை ஏன் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். நலக் குழுவின் உத்தரவு இருந்தால் அதுவே போதும் என்று எல்லா அலுவலகங்களுக்கும் தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பெற்றோர் கையெழுத்து கேட்கும் இடத்தில் இல்லக் கண்காணிப்பாளரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரோ கையெழுத்திடட்டும். வருமானம் என்ற இடத்தில் பிள்ளையின் வருமானத்தை எழுதுங்கள். அப்பாவைத் தேடிப் போகச் சொல்லாதீர்கள்.

மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பார்த்துக்கொண்டும்தான் இருக்கிறோம். உடைந்த கண்ணாடி டம்ளரைச் சாக்கடையில் ஒளித்துவைத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவன் நான். என் மகள் தட்டைப் போட்டு உடைத்தால் "அப்பா, உடைஞ்சிருச்சு, செருப்புப் போட்டுட்டு வாங்க" என்கிறாள். இல்லத்தில் என்னோடு இருந்தவர்களில் செவிலியர் இருக்கிறார், ஆட்டோ ஓட்டுகிறவர் இருக்கிறார், வங்கியில் வேலை பார்க்கிறவரும் இருக்கிறார். அப்பாவின் கையெழுத்து இல்லாமல்தான் இவ்வளவும் நடந்தது.

அந்தத் தம்பி அடுத்த கல்வியாண்டில் உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பாகவே அந்தச் சுற்றறிக்கை வரவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்பா கையெழுத்தை எங்களிடம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
இல்லத்தில் வளர்ந்த ஒருவன்