ஹட்டன் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில்தான் கூடினோம். அடைமழைக் காலத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து உறுப்பினர்கள் சிலரால் வர முடியவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஒரு நூலைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். நம்மை அதிகம் பேசவைத்தது அதுதான்.

ஐரா லெவின் 1967இல் எழுதிய ‘ரோஸ்மேரிஸ் பேபி’ என்ற ஆங்கில நாவல். இருந்தது ஒரே ஆங்கிலப் பிரதி. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் கூட்டத்துக்குச் சில அத்தியாயங்களாகத் தமிழில் சொன்னார். நியூயோர்க்கில் பழைய மாடிக் கட்டடம், புதிதாகக் குடிவரும் இளம் தம்பதி, அன்பைப் பொழியும் பக்கத்து வீட்டு முதியவர்கள். அந்த முதியவர்கள் சாத்தானை வழிபடும் கூட்டம் என்று இளம் மனைவி ரோஸ்மேரிக்குத் தெரியவரும்போது பிள்ளை வயிற்றில். 1965 ஒக்டோபர் 4இல் பாப்பரசர் ஆறாம் பவுல் நியூயோர்க் வந்தது உண்மைச் செய்தி. லெவின் அந்த இரவையே பிள்ளை கருவாகும் இரவாக எடுத்துக்கொள்கிறார். டிவியில் பாப்பரசர், மேசையில் பக்கத்து வீட்டம்மா கொடுத்த சொக்லேட் இனிப்பு, அதில் சுண்ணாம்பு மாதிரி ஒரு ருசி. “ஐயோ, சாப்பிடாத புள்ள!” என்று ஒரு தங்கச்சி வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பேய்க்கதை நமக்குப் புதிதில்லை. நம் தோட்டத்து ரோதைமுனிக்கும் பயப்படுகிறோம், ஆனால் அவர் காவல் தெய்வம். குறை வைத்தால் கோபம், பூசை வைத்தால் சாந்தம். இந்த நாவலில் கேடு சிரித்த முகத்தோடு கதவைத் தட்டுகிறது. பெண் உறுப்பினர்கள் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். வலியால் ரோஸ்மேரி மெலிந்துபோகிறாள். டொக்டர் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வேறொரு டொக்டரிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னால், அவர் புருஷனுக்கே தகவல் கொடுத்துவிடுகிறார். கொழுந்துக் கூடையோடு மலையேறும் நம் சகோதரிகளுக்கு அந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று கூட்டம் இருட்டும்வரை நீண்டது. நாவலின் மிகப் பயங்கரமான பகுதி அதுதான் என்பது என் எண்ணமும்.

கத்தோலிக்க உறுப்பினர் ஒருவர் முதலில் தயங்கினார், அது நியாயமே. ஆனாலும் கடைசிவரை வந்தார். பிள்ளை ஜூன் 25இல் பிறப்பதைக் கவனித்து, கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் சரியாக ஆறு மாதம் என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. அவருக்கு வட்டத்தின் நன்றி.

அப்புறம் ஒரு தீர்மானம். தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் முனிக் கதைகளை அடுத்த ஆண்டு தொழிலாளர் குடியிருப்புகளுக்கு லயம் லயமாகப் போய் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சபை இதை ஏற்று, பதிவுக் கருவி வாங்க அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்