வலி இல்லை என்று இருந்துவிடாதே

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததைப் படித்து மனசு நிறைந்தது. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, 'மார்பில் இம்ப்ளான்ட் (செயற்கை மார்பு) வைத்து ஒன்பது வருஷமாச்சு, வலி ஒன்றும் இல்லை, ஸ்கேன் எதற்கு' என்று. அதைப் படித்ததிலிருந்து நிம்மதி இல்லை.

எனக்கும் வலி இருக்கவில்லை, வசந்தி. புற்றுநோய் அறுவைக்குப் பின் வைத்தது கிழிந்திருப்பது 11ஆம் வருஷம் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் தெரிந்தது. எப்போது கிழிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட் ஒழுகினால் நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சில நாளில் மார்பு சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் இருவருக்கும் வைத்தது சிலிக்கோன் ஜெல். அதைச் சுற்றி உடம்பே தழும்பால் ஒரு பை கட்டிவிடுகிறது. உறை கிழிந்தாலும் ஜெல் அந்தப் பைக்குள்ளேயே கிடக்கும். தொட்டுப் பார்த்தால் தெரியாது, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமிலும் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ படத்தை டாக்டர் காட்டினார்: வெளுத்த ஜெல்லுக்குள் கிழிந்த உறை நெளிநெளியான கருங்கோடுகளாக மடிந்து கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்து 5, 6 வருஷத்தில் முதல் ஸ்கேன், அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. தொந்தரவு இல்லாதவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் போதும். அதில் சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ. கிழிசலைப் பார்க்க மட்டும் என்றால் சாய ஊசிகூட வேண்டாம்.

கிழிந்திருந்தாலும் அன்றைக்கே ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. எனக்கு யோசிக்க மூன்று வாரம் இருந்தது. இம்ப்ளான்ட், கசிந்த ஜெல், தழும்புப் பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். புதிது வேண்டாம் என்றேன். வேண்டும் என்பவர்களுக்கு அதே அறுவையிலேயே மாற்றிவைப்பதும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

இரண்டு விஷயம் மறக்காதே. ஜெல் பையைத் தாண்டிவிட்டால் அக்குளில் நெறி கட்டலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று நம்மைப் போன்றவர்களுக்கு உயிரே போய்விடும். இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல். வருஷங்கள் கழித்துத் திடீரென்று ஒரு மார்பு வீங்கினால் கிழிசல்தான் என்று முடிவுகட்டாமல், உள்ளே சேர்ந்த நீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொல். அபூர்வமாக ஒருவகை லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், அப்படித் தலைகாட்டும், குறிப்பாகச் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு.

அறுவையின்போது கொடுத்த இம்ப்ளான்ட் அட்டையைத் தேடி எடுத்து வை. ஸ்கேனுக்கு நாள் கிடைத்ததும் எழுது, நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாலதி