உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு: அந்தக் குழாய்ப் படத்தை மாற்றுங்கள்

பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் அதற்குப் படம் வரைகிறவர்களுக்கும்,

வணக்கம். செல் சவ்வுப் பாடத்தில் கால்வாய்ப் புரதம் (அயனியோ நீரோ சவ்வைக் கடக்க வழிவிடும் புரதம்) என்று நீங்கள் போடும் படத்தைப் பற்றித்தான் இந்த மடல். இரண்டு அடுக்குக் கொழுப்பு, நடுவே ஒரு குழாய், அதன் வழியே உள்ளே போகும் புள்ளிகள், அதாவது அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்). பல வருடங்களாக நானும் அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன்.

ஒருநாள், பொட்டாசியத்தை விட்டு சோடியத்தைத் தடுக்கும் கால்வாயைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சின்னதுதானே? பெரியது போகிற ஓட்டையில் சின்னது ஏன் போகவில்லை?" படத்தைப் பார்த்தால் அவள் கேட்டதுதான் நியாயம். பதில் அந்தப் படத்தில் எங்கும் இல்லை.

பதிலோ அவ்வளவு அழகானது. தண்ணீரில் இவற்றில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் பக்கத்தை அதன்மீது திருப்பிச் சூழ்ந்து நிற்கும். கால்வாயின் மிகக் குறுகிய இடத்துக்குள் நுழைய அந்த நீரைக் கழற்றியாக வேண்டும். அது லேசில் நடக்காது, ஆற்றல் செலவாகும். பொட்டாசியம் கால்வாயில் அந்த இடத்துச் சுவரெங்கும் புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, நீர் எந்தத் தூரத்தில் பிடித்திருந்ததோ ஏறக்குறைய அதே தூரத்தில். பொட்டாசியம் இழந்தது அங்கேயே திரும்பக் கிடைத்துவிடுகிறது. சோடியம் சிறியது, அந்த ஆக்சிஜன்களின் பிடி அதற்குச் சரியாக எட்டாது. கழற்றிய நீருக்கு ஈடு கிடைக்காததால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. சுமார் 10,000 பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் நுழைந்தால் உண்டு. இப்படிச் சலித்தெடுத்துக்கொண்டே அந்தக் கால்வாய் நொடிக்கு ஒரு கோடி அயனிகளுக்கு மேல் கடக்க விடுகிறது!

இது ஒன்றும் புதுச்செய்தி அல்ல. ராடெரிக் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயை எக்ஸ் கதிர் கொண்டு படம் பிடித்துக் காட்டியது 1998இல். 2003இல் அவருக்கும், நீர்க் கால்வாயான அக்குவாபோரினைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அக்குவாபோரினும் வெறும் ஓட்டை அல்ல. நீரை விடும், ஹைட்ரஜன் அயனியை விடாது.

அப்புறம், அந்த அம்புக்குறி. எப்போதும் உள்ளே பார்த்தே போடுகிறீர்கள். எந்தப் பக்கம் பாய்வது என்பதைக் கால்வாய் முடிவு செய்வதில்லை; இரு பக்கச் செறிவு வேறுபாடும் மின்னழுத்த வேறுபாடும்தான் முடிவு செய்கின்றன. ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லில் பொட்டாசியம் வெளியேதான் கசிகிறது. கால்வாய்க்குக் கதவும் உண்டு: சிலவற்றை மின்னழுத்தம் திறக்கும், சிலவற்றை வந்து ஒட்டும் ஒரு மூலக்கூறு திறக்கும். குளுக்கோஸை மட்டும் தயவுசெய்து அந்தக் குழாயில் போடாதீர்கள். அதைக் கொண்டுபோவது வேறு வகை, ஒவ்வொரு முறையும் தன் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும் கடத்திப் புரதம்.

எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. குறுகிய அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, ஆக்சிஜன் வரிசைக்குள் பொட்டாசியம் அமர்ந்திருப்பதையும், நீர் சூழ்ந்த சோடியம் வாசலில் நிற்பதையும் வரையுங்கள். அதன் கீழே, பதில் போடாமல், அந்த மாணவியின் கேள்வியை அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்