நாடக மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள், நாடக வாசிப்பு, இளையோர் நடிப்புப் பயிற்சி எல்லாம் முறைப்படி நடந்தன. ஆண்டு நாடகமும் நல்லபடியாக அரங்கேறியது.

அந்த நாடகத்தின் செட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்திருக்கலாமே, செயலாளர் ஏன் இதை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார் என்று செயற்குழுவிலேயே பேச்சு எழுந்தது. வாடகைத் திரையில் மாளிகை கிடைக்கும். கதைக்குத் தேவைப்பட்டதோ காரை பெயர்ந்த பழைய வீடு. மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்தடித்து, தண்ணீர் விட்ட பசையைப் பூசினோம். காய்ந்ததும் துணி விறைத்துக்கொண்டது. இப்படிச் செய்த தட்டிகள் சேரும் இடுக்கில் துணிப்பட்டை ஒட்டி வண்ணம் அடித்தால் ஒரே சுவர்தான். பெயின்டில் மரத்தூளைக் கலந்தால் காரை. தெர்மாகோலைச் செதுக்கினால் செங்கல். அதன்மேல் ஸ்ப்ரே அடிக்கச் சிலர் சொன்னார்கள். ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும் என்பதால் தண்ணீர் கலந்த எமல்ஷன் பெயின்ட்தான் பூசினோம். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும் பொருள். விளக்குகளிலிருந்து நன்றாகத் தள்ளியே வைத்தோம்.

ஒரே நிறத்தில் அடித்த சுவர் மேடை வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும். அதனால் மூன்று சாயல்களை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தோம். விளக்கு இடப்பக்கம் என்பதால் நிழல்களை வலப்பக்கம் தீட்டினோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த பிறகே எதையும் முடிவு செய்தோம். திரை விலகியதும் அரங்கில் எழுந்த சலசலப்பைக் கேட்டவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

வருத்தமும் உண்டு. செட் வேலைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவே இல்லை. தட்டியை ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் முட்டுக் கொடுக்க முடியும். வேடம் கேட்கும்போது இருக்கும் ஆர்வம் ஆணி பிடிக்கும்போதும் இருக்க வேண்டும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்தன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தலைவர், செயற்குழு, அரங்கப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நாடகத்துக்குத் தூண்கள் வேண்டும். தடித்த அட்டைக் குழாய் போதும், வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இப்போதுள்ள தட்டிகளுக்கு மறுபடி வண்ணம் பூசலாம். அதுவரை ஈரம் படாத அறை ஒன்று தேவை. யாரிடமாவது காலியாக இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், சந்தா பாக்கிப் பட்டியலை நான் இன்று வாசிக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகும் பொருளாளர் இங்கேயே இருப்பார்.