யாரும் போகவில்லை என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளோடு பேசி விளையாடி வளர்க்கச் சொல்லித்தர ஒன்றிய அரசு 2024இல் கொண்டுவந்த ‘நவசேதனா’ வழிகாட்டியைப் பற்றிய விளக்கமும் தெளிவாக இருந்தது. ஆனால் நடுவே ஒரு வரி: “வீடு தேடிச் சென்று பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்பைச் சொல்லித் தரும் முறை நம் மண்ணுக்குப் புதிது.” அதைப் படித்த பிறகு காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஐயா, நான் போயிருக்கிறேன். 1982இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போயிருக்கிறேன்.

உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் அதை முதலில் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட வேண்டும். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துருண்டை கொடுக்க வேண்டும். உருண்டையை நிறுத்திய பிறகும் பிள்ளை தேற வேண்டும் என்றால் தாய்க்கு விஷயம் புரிய வேண்டும். அதற்குத்தான் வீடு வீடாகப் போனோம். அந்தந்த ஊரிலேயே இருக்கும், தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்த பெண்களாகப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள்.

விடிந்தால் தாய்மார்கள் களையெடுக்கப் போய்விடுவார்கள். ஆகவே ஆறு மணிக்கு முன்னால் போவோம், இல்லையென்றால் விளக்கு வைக்கிற நேரத்தில் போவோம். எடை போட்டால் கண்பட்டுப் பிள்ளை மெலிந்துவிடும் என்று கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் வாசலிலேயே தராசில் தொங்கவிட்டுக் காட்டினேன்.

ஒரு வீட்டில் மாமியார் கேட்டார்: “நீ பெத்தது ஒண்ணு, நான் பெத்தது ஏழு. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?” இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பேசாமல் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து கடலை உடைத்தேன். அன்று மாலையும் போனேன், மறுவாரமும் போனேன். ஒருநாள் அவராகவே சொன்னார், ஏழில் மூன்று தங்கவில்லை என்று. இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போயின. போகிறபோது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தொண்டை நனைக்கக்கூடக் கொடுக்கவில்லையாம். சொல்லிவிட்டு அழுதார். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்க வேண்டிய கரைசலை அவரிடம் சொன்னேன்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அன்றைக்குத்தான் அவர் அதைக் காதில் வாங்கினார். அதன்பிறகு அந்தத் தெருவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதே என்று தன் மருமகளை அதட்டியதும் அவர்தான். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இருப்பதெல்லாம் பிள்ளையின் எடை மட்டும்.

கட்டுரையாளர் ஜமைக்காவைப் பற்றி எழுதியிருக்கிறார். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை 1986–87இல் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் என இரண்டு ஆண்டுகள் போனார்களாம். தாயும் பிள்ளையும் பேசி விளையாடக் கற்றுக்கொடுத்ததில், இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடியிருந்ததாம். மனதாரச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அந்த வீடுகளுக்குப் போனவர்கள் யார்? எங்களைப் போன்ற ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்கள்தான். வேண்டாத டப்பாவிலும் துணியிலும் பொம்மை செய்து எடுத்துப்போனார்கள். கட்டுரையில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெண்களைக் காணோம். பவுடர் டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக் கிலுகிலுப்பை செய்துகொண்டு போனவள் நான். அவர்களும் விட்டுப்போனதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இது எங்களுக்குப் புதிதல்ல. வெளிநாட்டார் பார்வையிட வந்த நாளில் தராசைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கன்வாடியோடு எங்களைச் சேர்த்தபோது முன்பருவக் கல்வியும் வந்தது, சமையலும் மேற்பார்வையும் வந்தன. வீட்டுக்குப் போகிற நேரம்தான் சுருங்கியது. வாக்காளர் பட்டியலா, போலியோ சொட்டு மருந்தா, கூப்பிடு அங்கன்வாடி டீச்சரை. முப்பது வருடத்துக்கும் மேல் உழைத்தவளுக்குக் கிடைப்பது ஒரு சிறிய சிறப்பு ஓய்வூதியம்தான். அதைக் கூட்டிக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை, ஆனாலும் எழுதும்போது அது நினைவுக்கு வராமல் இல்லை.

என் இடத்துக்கு வந்த பெண் கெட்டிக்காரி. அவள் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கைப்பேசியை எடுக்க வேண்டியிருக்கிறது. போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிய வேண்டும், சத்துமாவு கொடுக்கத் தாயின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டும், சிக்னல் இல்லையென்றால் வாசலுக்கும் திண்ணைக்கும் நடக்க வேண்டும். பிள்ளை அழத் தொடங்கிவிடும், தாய் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். நவசேதனாவில் 140 விளையாட்டுகள் இருக்கின்றன என்கிறார்கள். ஒன்றைக் காட்டவாவது அவளுக்குக் கால் மணி நேரம் கிடைக்க வேண்டாமா? கடலை உடைக்க அவளுக்கு ஏது பொழுது?

தங்களிடம் நான் கேட்பது சிறியது. ‘புதிது’ என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். எந்த மூலையில் போட்டாலும் சரி. கொட்டாம்பட்டி என்ற பெயர் மட்டும் அதில் இருந்தால் போதும். என்னோடு வேலை பார்த்தவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
கொட்டாம்பட்டி ஒன்றியம், மதுரை மாவட்டம்.