ஆர்கன் தகட்டைத் தேடித் தாருங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகைக்கு வெள்ளையடித்தபோது நம் ஆலயத்தின் பைப் ஆர்கன், அதாவது குழாய்களில் காற்று ஊதி இசைக்கும் அந்தப் பழைய வாத்தியத்தின் முகப்பிலிருந்து கழற்றிய பித்தளைத் தகடு எங்கே? போன கூட்டத்தில் கேட்டேன். "ஆர்கனே காயலாங்கடைக்குப் போகப்போகிறது, தகடு எதற்கு?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தீர்கள்.

அந்தத் தகட்டில் இருந்தது, ஆர்கனைச் செய்த குடும்பத்தின் பெயர். வில்லிஸ் என்கிறார்கள் சிலர், வாக்கர் என்கிறார்கள் சிலர். யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. இங்கிலாந்தின் பழைய ஆர்கன் கம்பெனிகள் பலவற்றின் கணக்கேடுகள் பர்மிங்காம் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரே தெரியாமல் எதைத் தேடச் சொல்வது?

வில்லிஸ் என்றால் சாதாரணக் கை இல்லை. ஹென்றி வில்லிஸ் 1845-இல் தொடங்கிய பட்டறை. 1851 லண்டன் பொருட்காட்சியில் வைத்த ஆர்கனால் பேர் வாங்கினார். 1871-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கும் அவரே செய்தார். அப்புறம் மகன், பேரன், கொள்ளுப்பேரன், எல்லோருக்கும் ஹென்றி என்றே பெயர். லிவர்பூல் பேராலயத்தில் பேரன் செய்ததில் பத்தாயிரத்துக்கும் மேல் குழாய்கள். 1941 குண்டுவீச்சில் லண்டன் பட்டறை அழிந்தும் தொழிலை விடவில்லை. 1997-இல்தான் அது குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. வாக்கர் இன்னும் மூத்தது, 1828.

ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திக்குத் தோல் கிடைக்காது என்று கமிட்டி அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இதை எழுத எப்படி மனசு வந்தது? தோல் கழிவு கலந்தே பாலாறு நாறிப்போனது; ஆனால் ஒரு துருத்திக்கு மெல்லிய ஆட்டுத்தோல் மட்டும் இந்தப் பக்கம் கிடைக்காதாம்! புதுக் கீபோர்டுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் பணம் கிடைத்தது. கரண்ட் போனால் அது ஊமை என்பது கமிட்டிக்கும் தெரியும்.

குழாய்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. எடைக்குப் போட்டால் உருக்கிவிடுவார்கள். பிறகு தகடு கிடைத்தும் பயனில்லை. தயவுசெய்து விலை பேசியவரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வெள்ளையடித்த காண்ட்ராக்டர் கமிட்டியில் ஒருவருக்குச் சொந்தக்காரர்தானே, ஒரு வார்த்தை கேட்டு அந்தத் தகட்டைத் தேடித் தாருங்கள். தோலுக்கு ஆம்பூரில் நானே அலைகிறேன்.

இப்படிக்கு,
பாடகர் குழுவில் ஒருவன்,
வேலூர்